1826இல் நடக்கும் காதல் கதை: பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதி முடிக்க வழி உண்டா?

மயிலாடி மகள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பல வருடமாக இங்கே வாசித்துவிட்டுப் பேசாமல் போகிறவள் நான். இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

இரண்டு வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலம் 1826 முதல் 1829 வரை. இடம் அன்றைய தென் திருவிதாங்கூரின் மயிலாடியும் நாகர்கோவிலும். கதாநாயகி அடிமைக் குடியில் பிறந்தவள். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்று, அந்தக் கூலியைச் சேர்த்துத் தன்னை மீட்டுக்கொள்ளப் பார்க்கிறாள். லேஸ் கூலியால் விடுதலை வாங்கிய பெண்கள் இருந்தார்கள் என்று மிஷன் வரலாற்றில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கதாநாயகன் பனையேறியின் மகன். செமினரியில் படிக்கிறான், உபதேசியார் ஆகப்போகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற வழியில் பார்த்துக்கொள்வதுதான் அவர்களுடைய காதல். பேச்சு கிடையாது.

பதினோராம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார், வருடத்தில் ஒரு மாதம் ஊரில் இருப்பார். மாமிக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து, சொட்டு மருந்து நேரத்துக்கு விட வேண்டும். எழுத உட்கார்ந்தால் அரை மணி நேரம் கிடைக்கிறது. அதில் இருபது நிமிடம் பழைய அத்தியாயத்தை வாசித்து அந்தக் காலத்துக்குள் போவதற்கே சரியாகிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்கள் ஐக்கியத்தில் ஒரு அக்கா, நல்ல மனதோடுதான், கேட்டார்: "வேதக்காரப் பெண், இரண்டு பிள்ளைக்குத் தாய், காதல் கதை எழுதுவது சாட்சியாக இருக்குமா?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்விதான் என்னை நிறுத்தியதா, நேரம் இல்லாததுதான் நிறுத்தியதா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. இந்த வழியில் நடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நெய்யூர் அம்மா

தங்கையே, மூன்று நாவல் எழுதியிருக்கிறேன். மூன்று பிள்ளைகளையும் வளர்த்திருக்கிறேன். முதல் நாவலுக்கு ஆறு வருடம் ஆயிற்று. அதை நான் குறையாக நினைத்ததே இல்லை.

நேரத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு வழி இருக்கிறது. இருபது நிமிடம் பழையதை வாசிக்கிறாய் அல்லவா, அதை விட்டுவிடு. எழுதி எழும்போது கடைசி வாக்கியத்தை முடிக்காமல் பாதியில் நிறுத்து. "அவள் கதவைத் திறந்தபோது" என்று நிறுத்திவிட்டுப் போய் மீன் கழுவு. மறுநாள் உட்கார்ந்ததும் கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்று கை தானாக எழுதும். நான் அம்மி அரைத்தபடி, துணி அலசியபடி, அடுத்த காட்சியைப் பேச்சாக மனதில் ஓட்டிப் பார்த்துவிடுவேன். உட்காரும்போது கை எழுதுவதுதான் மிச்சம்.

வருடத்தில் ஒரு பெரிய வாய்ப்பு உனக்கு இருக்கிறது. மே மாதத்தில் சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். பத்து நாள், காலை முழுவதும் பிள்ளைகள் பாட்டும் கதையுமாக அங்கே இருப்பார்கள். என் இரண்டாவது நாவலின் கடைசி ஆறு அத்தியாயமும் அந்தப் பத்து நாளில் எழுதியவை. சமையலை இரவே முடித்துவிடுவேன். அந்தப் பத்து நாள் எங்கள் வீட்டில் கஞ்சியும் பயறும்தான், யாரும் குறை சொல்லவில்லை.

அந்த அக்காவின் கேள்விக்கு வேறு யாராவது சொல்லட்டும். எனக்குக் கோபம் வருகிறது, கோபத்தில் எழுதக் கூடாது.

சபை மூப்பர்

அந்தச் சகோதரி கேட்டது தவறான கேள்வி அல்ல. என் மகள்கள் வாசிக்கும் கதைகளைப் பார்த்திருக்கிறேன். காதல் என்ற பெயரில் பெற்றோரை ஏமாற்றுவதையும் உடல் ஆசையையும்தான் பல கதைகள் வீரம் என்று காட்டுகின்றன. "கிறிஸ்தவ" என்று ஒரு சொல்லை முன்னால் போட்டுவிட்டு, கடைசி அத்தியாயத்தில் ஒரு ஜெபத்தை வைத்தால் அது வேறு கதையாகிவிடுமா? என் பயம் அதுதான். சகோதரியைப் புண்படுத்த எழுதவில்லை.

முட்டம் அலை

மூப்பர் ஐயா, நான் கத்தோலிக்கப் பெண், கடற்கரைக்காரி. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருடம் ஆடு மேய்த்தான், அவள்மேல் இருந்த பிரியத்தால் அது அவனுக்குக் கொஞ்ச நாளாகத் தோன்றியது என்று ஆதியாகமம் 29ஆம் அதிகாரம் சொல்கிறதே, அது காதல் இல்லையா? போவாசின் களத்துக்கு ரூத் இரவில் போனதை வேதம் மறைக்கவில்லையே. உன்னதப்பாட்டு வேதத்துக்குள் இருக்கிறது, வெளியில் இல்லை.

எங்கள் பக்கத்துக் காதல் ஒன்றும் சொல்கிறேன். தேவசகாயம் பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர், 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022 மே 15இல் புனிதர் பட்டம். அவர் மனைவி பார்கவி அம்மாளை எத்தனை பேருக்குத் தெரியும்? ஞானப்பூ என்று பெயர் பெற்றவர் அவர். கணவரை எருமையில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனபோது அந்தப் பெண்ணுக்கு எப்படி விடிந்தது, எப்படி இருட்டியது? பிறகு வடக்கன்குளத்தில் தனியாக வாழ்ந்தாரே, அந்த வருடங்களை யார் எழுதியிருக்கிறார்கள்? கல்யாணத்துக்குப் பிறகும் காதல் இருக்கிறது. அதை எழுத நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சபை மூப்பர்

ரூத்தை நீங்கள் சொன்னதும் யோசித்தேன். ரூத் கதையில் நகோமியும் இருக்கிறாள். காதல் நடக்கும்போது அந்த மாமியாரின் பசியும் கதைக்குள் இருக்கிறது. சகோதரியின் கதையில் இவர்கள் இருவரைச் சுற்றி இருக்கிறவர்களின் வாழ்வும் இருந்தால் என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

ஓலைச்சுவடி

நான் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர். மக்களே, உன் கதைக்களம் அருமையானது. அதனால்தான் கண்டிப்பாகப் பேசப்போகிறேன். சரித்திரக் கதை எழுதுகிறவர்கள் அரசர் பெயரையும் வருடத்தையும் சரி பார்ப்பார்கள், அடுப்படியில் கோட்டை விடுவார்கள்.

உன் கதாநாயகி மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவிக்கிறாளா? அவித்தால் எடுத்துவிடு. அது நம் ஏழை வீடுகளின் சாப்பாடாகப் பரவியது விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில். அவர் ஆண்டது 1880 முதல் 1885 வரை. ரப்பர் தோட்டம் 20ஆம் நூற்றாண்டின் காட்சி. பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது 1906இல், அதனால் நாஞ்சில் நாட்டு வயலில் நீ காட்டுவது குளத்துத் தண்ணீரும் பழைய ஆற்றுக் கால்வாய்த் தண்ணீருமாக இருக்க வேண்டும். கருப்பட்டிக் காப்பியும் வேண்டாம். காப்பி சாதாரண வீடுகளுக்குள் வந்தது வெகு பின்னால். தீப்பெட்டியும் கிடையாது. அடுப்பு அணைந்தால் அடுத்த வீட்டுக்குப் போய்க் கங்கு வாங்கி வர வேண்டும். யோசித்துப் பார், ஒரு காதல் கதைக்கு அது எவ்வளவு பெரிய வசதி!

வேத வசனத்தில்தான் எல்லோரும் தவறுவார்கள். இன்று நம் கையில் இருக்கும் பழைய திருப்புதல் வேதாகமம் 1871இல் வந்தது. பவர் ஐயர் தலைமையில் செய்தது. "தேவன்" என்ற சொல் அதன் வழியாகத்தான் நம் ஜெபத்தில் நிலைத்தது. உன் கதாநாயகி 1826இல் கேட்டது பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பு. அதில் "பராபரன்". அவள் கண்ணீரோடு ஜெபிக்கும்போது "பராபரனே" என்றுதான் கூப்பிட வேண்டும். இந்த ஒரு சொல்லை மாற்றிப் பார், முழு அத்தியாயத்தின் நிறமும் மாறும்.

ஆண்டுக் கணக்கில் இன்னொரு சிக்கல். திருவிதாங்கூர் ஆவணங்கள் கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆவணியில் அந்த ஆண்டு பிறக்கும். கொல்லம் 1004 என்றால் 1828 ஆகஸ்டு நடுவிலிருந்து 1829 ஆகஸ்டு நடுவரை. உன் கதையின் உச்சம் அந்த ஆண்டில்தான் வருகிறது. தோள்சீலைக் கலகத்தின், அதாவது நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்கான போராட்டத்தின், இரண்டாம் கட்டம், ஜெபக்கூடங்கள் எரிந்த நாள்கள். 1829 பிப்ரவரியில் வந்த அரசு அறிவிப்பு தோளில் போடும் மேல்முண்டை மறுத்து, குப்பாயம் என்ற சட்டையை மட்டும் விட்டுவைத்தது. எல்லா நாடார் பெண்களுக்கும் மார்பை மறைக்க அனுமதி கிடைக்க 1859 ஜூலை 26 வரை முப்பது வருடம் காத்திருந்தார்கள். அடிமை முறையைத் திருவிதாங்கூர் ஒழித்ததும் 1855இல்தான். ஆகவே உன் பெண் விடுதலை பெற அரசாணையை நம்ப முடியாது. உடைமைக்காரர் மனம் இரங்கி எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

அக்கானி

அக்கா, என் தாத்தா பனையேறி. உங்கள் கதாநாயகனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அக்கானி (பதநீர்) இறக்கும் காலத்தில் பனையேறி காலையிலும் ஏறுவார், மாலையிலும் ஏறுவார். பாளை சீவுவதை ஒரு நாள் விட்டால் பாளை கெட்டுவிடும். அதனால் அப்பா விழுந்து கால் ஒடிந்தால், மகன் செமினரியை விட்டுவிட்டுப் பனைக்குத் திரும்பியே ஆக வேண்டும். இது உங்கள் கதைக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறி இறங்குவதால் நெஞ்சிலும் கையிலும் தோல் காய்த்துப்போகும். என் தாத்தா நெஞ்சில் தலை வைத்துத் தூங்கும்போது அந்தத் தோல் என் கன்னத்தில் உரசும். படித்த பையன் என்று வெள்ளை உடுப்புப் போட்டாலும் அவன் நெஞ்சு பனையேறி நெஞ்சுதான்.

கருப்பட்டி காய்ச்சுவது பெண்கள். விடிலிக் குடிசைக்குள் புகையில் நின்று, பதம் வரும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இடுப்பில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு நின்றார்கள். என் பாட்டிக்கு அந்தப் புகையில்தான் பார்வை மங்கியது.

நெய்யூர் அம்மா

கங்கு வாங்கப் போகிற காட்சியை நான் இப்போதே எழுத வேண்டும்போல இருக்கிறது. தங்கையே, எழுதாமல் விட்டாயானால் நான் எடுத்துக்கொள்வேன்.

கோட்டாறு வாசகி

ஒரு சங்கடமான கேள்வி கேட்கிறேன், மன்னிக்க வேண்டும். பெண் அடிமைக் குடி, பையன் பனையேறிக் குடி. ஒரே சபையில் முழங்கால் போட்டாலும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்களா? நம் முன்னோர் மேல்சாதிக்காரர்களிடம் பட்ட அடியைக் கண்ணீரோடு எழுதுகிறோம். நமக்குக் கீழே என்று நாம் தள்ளி வைத்தவர்களைப் பற்றி எழுதும்போது பேனா நின்றுவிடுகிறது. உங்கள் கதையில் பையனின் தாய் அந்தப் பெண்ணை முதல் நாளே மகளே என்று அணைத்தால், நான் புத்தகத்தை மூடிவிடுவேன்.

ஓலைச்சுவடி

கோட்டாறு வாசகி கேட்டது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. சரித்திரத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. நாகர்கோவில் மிஷனைக் கட்டி எழுப்பியவர் மீட் ஐயர். முதல் மிஷனரி ரிங்கல்தௌபே 1816இல் போன பிறகு வந்து, செமினரி தொடங்கியவர். முதல் இரண்டு மனைவியரும் இறந்த பின், 1852இல் அவர் பறையர் குலத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அதோடு மிஷனுக்கும் அவருக்கும் இருந்த உறவு அறுந்தது. முப்பது வருடத்துக்கு மேல் உழைத்த மனிதருக்கே அதுதான் நடந்தது என்றால், 1829இல் பயிற்சி உபதேசியாராக இருக்கும் ஒரு பையனுக்கு என்ன நடந்திருக்கும்? உன் கதையின் முள் அங்கே இருக்கிறது. பிடுங்கி எறியாதே.

மயிலாடி மகள்

பதில்களை அடுப்படியில் நின்றபடியே வாசித்தேன். மரச்சீனிக் கிழங்கு மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது, இரண்டு இடத்தில். எடுத்துவிடுகிறேன்.

கோட்டாறு அக்கா, நீங்கள் சொன்ன தவறைத்தான் செய்திருந்தேன். பையனின் அம்மா அவளை அணைத்துக்கொள்கிறாள், ஒன்பதாம் அத்தியாயம். எழுதும்போதே எங்கோ பொய்யாகப் பட்டது, ஆனால் அந்த அம்மாவை நான் நல்லவளாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். இப்போது நினைக்கிறேன்: அவள் நல்லவள்தான், ஜெபிக்கிறவள்தான், அப்படியும் தன் வீட்டுத் திண்ணையில் அந்தப் பெண்ணை உட்கார வைக்க அவளுக்கு மூன்று வருடம் ஆகிறது. அந்த மூன்று வருடம்தான் என் நாவல்போல் தெரிகிறது.

முட்டம் அலை

லேஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் பாட்டி முளகுமூட்டுக் கன்னியர் மடத்தில் லேஸ் கற்றவர். பெல்ஜியத்திலிருந்து அருள்சகோதரிகள் அங்கே வந்தது 1897இல். உங்கள் காலத்துக்கு வெகு பின்னால்தான், ஆனால் கைவேலை அதேதான். உருண்டையான கெட்டித் தலையணை, மேலே துளையிட்ட மாதிரி அட்டை, அதில் வரிசையாகக் குண்டூசி. நூல் சுற்றிய சிறு கட்டைகளை இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். கட்டைகள் ஒன்றோடு ஒன்று மோதும் சத்தம் மழை ஓட்டில் விழுவதுபோல இருக்கும். வெள்ளை நூல், நம் ஊர் வேர்வை. பாட்டி மடியில் எப்போதும் ஒரு ஈரத் துணி வைத்திருப்பார், கையைத் துடைத்துத் துடைத்துப் பின்னுவார். நூல் மஞ்சளானால் கூலி குறைந்துவிடும்.

அடுத்தது, திருமண ஓலை. மூன்று ஞாயிறு கோயிலில் பெயர் வாசிப்பார்களே, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. என் ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. உங்கள் கதையின் இருவருக்கும் ஓலை வாசிக்கும்போது யார் எழுந்து நிற்பார்கள்?

மயிலாடி மகள்

ஓலை! அக்கா, இரண்டு ஓலை. உடைமைக்காரர் எழுதிக் கொடுக்கிற விடுதலை ஓலை, சபையில் வாசிக்கிற கல்யாண ஓலை. முதலாவது இல்லாமல் இரண்டாவது கிடையாது. நாவலுக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

ஓலைச்சுவடி

நல்ல பெயர். தகவல் வேண்டுமென்றால் சாமுவேல் மட்டீர் 1871இலும் 1883இலும் திருவிதாங்கூர் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. லண்டன் மிஷன் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் கீழைத்தேய ஆய்வுப் பள்ளி நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெண்கள் எத்தனை கெஜம் லேஸ் விற்றார்கள் என்று இருக்குமே தவிர, பின்னும்போது என்ன நினைத்தார்கள் என்று இராது. அது உன் பொறுப்பு.

ஒன்றை மட்டும் நினைவில் வை. மால்ட் அம்மையார் பள்ளி நடத்தியது தம் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டுதான். அவர் மகள் எலைசா நாகர்கோவிலில் வளர்ந்து, 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய், அங்கும் பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். உன் கதை நடக்கும் வருடங்களில் எலைசா சிறு குழந்தை. லேஸ் பின்னுகிற பெண்களின் காலடியில் விளையாடியிருப்பாள். நூல் கட்டையை எடுத்து ஒளித்து வைத்திருப்பாள்.

மயிலாடி மகள்

(இந்த இழையை ஐந்து மாதம் கழித்துத் திறக்கிறேன். மன்னிக்க வேண்டும்.)

பதினெட்டு அத்தியாயம் முடிந்துவிட்டது. மே மாதம் நெய்யூர் அக்கா சொன்னபடி செய்தேன். பத்து நாளில் நான்கு அத்தியாயம். மற்ற நாள்களில் காலை நாலரை மணிக்கு எழுந்து அரை மணி நேரம். சில நாள் மகன் எழுந்து வந்து மடியில் உட்கார்ந்துவிடுவான். அன்றைக்கு எழுத்து இல்லை. அதைப் பற்றி முன்பு இருந்த துக்கம் இப்போது இல்லை. எலைசா நூல் கட்டையை ஒளித்து வைக்கிற காட்சியை அவனைப் பார்த்துத்தான் எழுதினேன்.

மாமிக்குக் கண் சரியாகும்வரை வாசிக்க முடியாது என்பதால், இரவு மருந்து விட்ட பிறகு ஒவ்வொரு அத்தியாயமாக வாசித்துக் காட்டினேன். பையனின் அம்மா திண்ணையில் பாய் போடாத காட்சி வந்தபோது மாமி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் என்னிடம், தன் அம்மா வீட்டில் வேலைக்கு வந்த ஒரு பெண்ணுக்குத் தனியாக வைத்திருந்த சிரட்டையைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி அழுதார். அந்தச் சிரட்டை இப்போது பதினாறாம் அத்தியாயத்தில் இருக்கிறது. மாமியிடம் கேட்டுத்தான் வைத்தேன்.

பெண்கள் ஐக்கியத்து அக்காவிடம் முதல் ஐந்து அத்தியாயத்தைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு அடுத்ததைக் கேட்டு ஆள் அனுப்பினார்.

இப்போது கணக்கில் ஒரு உதவி வேண்டும். உடைமைக்காரர் ஆறு ரூபாய் கேட்கிறார். தொகை என் கற்பனை. அவள் ஒரு சுரைக்குடுக்கையில் 156 சக்கரம் (திருவிதாங்கூர் நாணயம்) சேர்த்து வைத்திருக்கிறாள், ரூபாய்க்கு 26 சக்கரம் என்ற கணக்கில். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் பணத்தைக் கொட்டி எண்ணிக் கொடுக்கிறாள். சரிதானா?

ஓலைச்சுவடி

சரி இல்லை, மக்களே. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆறு ரூபாய் 168 சக்கரம்.

மயிலாடி மகள்

திருத்திவிட்டேன் ஐயா. அவளிடம் பன்னிரண்டு சக்கரம் குறைகிறது. உடைமைக்காரர் முற்றத்தில் நிற்கிறாள், எல்லாவற்றையும் எண்ணிவிட்டார்கள், குடுக்கை காலி. வெளியே வேலிக்கு அந்தப் பக்கம் பையனின் அம்மா கருப்பட்டி விற்ற காசோடு சந்தையிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். அங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன், பாதி வாக்கியத்தில்.